ஏரி பார்த்த மனை

1980-களில் நாளிதழ் வரி விளம்பரத்துக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம். தாம்பரத்துக்கு மேற்கே மனை விற்றவர் அதனால் எண்ணித்தான் பேசினார். ஒரு கிரவுண்டு, கிழக்கு பார்த்தது, நல்ல தண்ணீர், பட்டா உண்டு, ஸ்டேஷனுக்கு நடை தூரம். படம் கிடையாது. அந்த இரண்டு வரியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலேறிக் குடும்பமே போகும். முள்செடிகளுக்கு நடுவே நான்கு எல்லைக் கற்கள். பக்கத்துக் கிணற்று நீரை அள்ளிக் குடித்து, உப்பா என்று பார்ப்பார்கள். தெருமுனை டீக்கடையில், “மழைக்கு இங்கே தண்ணி நிக்குமாங்க?” என்று விசாரிப்பார்கள்.

அந்த விளம்பரத்தில் உணர்ச்சி இல்லை. படித்தவரிடம் நிறைய இருந்தது. பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்ன, குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிய வீட்டுக்காரர்களிடம் காலம் தள்ளியவர்கள் அவர்கள். ‘சொந்த மனை’ என்ற சொல்லுக்கு மேல் யாரும் எதையும் தீட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

அன்றைய விளம்பரம் சுத்தமானது என்று சொல்ல வரவில்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று போட்டு விற்ற லேஅவுட்டுகள் ஏராளம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது என்பது வாங்கியவர்களில் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தபோது, மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டதை விற்க முடியாமல் தவித்த குடும்பங்கள் பல. உணர்ச்சியற்ற சொல்லும் பொய் சொல்லும்.

இடையில், மனையைக் காட்ட அழைத்துப் போகும் வேனும் மதியச் சாப்பாடும் வந்தன. பிறகு தொலைக்காட்சி. சீரியலில் பார்த்துப் பழகிய முகங்கள் வெயிலில் நின்று, கல்லூரி ஐந்து நிமிடம், பஸ் நிலையம் பத்து நிமிடம் என்றன. கிலோமீட்டர் போய் நிமிடம் வந்தது அப்போதுதான். எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று கேட்கத் திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

இன்று ஊரப்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ நான்கு தெருக்களை மட்டும் கவனித்து விற்கும் தரகர்கூட ரீல்ஸ் போடுகிறார். டிரோன் மேலே எழுகிறது. விடியற்காலை, ஈரவாசலில் கோலம், ஆவி பறக்கும் காபி, சைக்கிள் ஓட்டும் சிறுமி, ஊஞ்சலில் தாத்தா. பின்னணியில் வீணை. சதுர அடி விலை கடைசியில்தான் வருகிறது. சில சமயம் வருவதேயில்லை, ‘கால் பண்ணுங்க’ என்று முடிந்துவிடுகிறது. பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கிறது. நியாயம்தான். நகையை அடகு வைத்து, இருபது வருஷத்துக்குத் தவணை கட்டி வாங்கும் ஒன்றை யாரும் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. அந்த உணர்ச்சியைத் தொடுவதைக் குற்றமென்று நான் நினைக்கவில்லை.

என் வருத்தம் வேறு. அந்தக் கோலம் எந்தத் தெருவுடையது? ஊஞ்சல் எந்த வீட்டிலிருந்து வந்தது? ஊரப்பாக்கத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அதே படம், அதே வீணை. ஒரே தெருவை உள்ளங்கை போல அறிந்தவர், அந்தத் தெருவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறார்.

ஏரியின் கதை இதில் தனி. செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மிகைநீர் கால்வாயில் அடுத்த ஏரிக்குப் போகும். அப்படித்தான் சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தார்கள் முன்னோர்கள். அந்தக் கால்வாய்கள் பலவற்றின் மேல் இன்று தெருக்கள் ஓடுகின்றன. அன்று ஏரிக்கரைப் பக்கம் மனை என்றால் வாங்குபவர் தயங்குவார், விலையைக் குறைத்துக் கேட்பார். இன்று ‘லேக் வியூ’ என்றால் விலை கூடுகிறது. ஏரி மாறவில்லை. அதைப் பார்க்கும் கேமரா தை மாதத்து மாலையில் மட்டும் வருகிறது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். மாடியில் காத்திருந்தவர்களில் பலர், எதற்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கிறோம் என்பதை அன்றுதான் முழுதாக அறிந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகளில் மறுபடியும் அதே பாடு.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா) நல்ல வேலை செய்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டிய திட்டம் என்றால் விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் பொய்த் தகவலை நம்பி வாங்கி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம், வேண்டாமென்றால் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். ஆனால் மாலை வெயிலில் மின்னும் ஏரி பொய்த் தகவல் இல்லை. அது உண்மையான ஏரி. சொல்லாமல் விட்டது கார்த்திகை மாதத்தை மட்டும்தான்.

டீக்கடைக்காரர் சொன்ன பதிலை இன்று சொல்லக்கூடியவர் அந்தத் தரகர்தான். லாரித் தண்ணீர் எந்த மாதத்தில் தொடங்கும், ஸ்கூல் வேன் எந்த முனை வரை வரும், சாயங்காலம் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசும் தெரு எது, எல்லாம் அவருக்குத் தெரியும். அதிலும் மனத்தைத் தொடும் படங்கள் இருக்கின்றன, வாடகைக்கு எடுத்த சிரிப்புகளைவிட அதிகமாகவே. அதே தெருவை மே மாதத்தில் ஒரு நாள், பெருமழைக்கு மறுநாள் ஒரு நாள் எடுத்துப் போடட்டும். விலை கொஞ்சம் இறங்கலாம். ஆனால் சுவரில் தண்ணீர்க் கறை எது வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வாங்குபவர், பேஸ்மட்டத்தை எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்று முதல் நாளே கொத்தனாரிடம் சொல்லிவிடுவார்.