குளிர் வந்தால் ஓயும் துப்பாக்கி

புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருதிவிராஜ் தொண்டைமான் 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ‘டிராப்’ எனப்படும் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொண்டார். அதன்பின் என் மாணவர்கள் இவ்விளையாட்டைப் பற்றிப் பல கேள்விகள் கேட்டனர். அவற்றுள் ஒன்று இது: “குளிர் நாடுகளில் இதை ஆடுவோர் பலர் குளிர்காலத்தில் துப்பாக்கியைக் கட்டி வைத்துவிடுவார்களாமே, ஏன் சார்? குண்டுக்குக் குளிருமா?”

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. குளிர் எதை மாற்றுகிறது, எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால்தான் அந்த ஓய்வு சோம்பலா, அறிவுடைமையா என்பது விளங்கும்.

முதலில் விளையாட்டைத் தெரிந்துகொள்வோம். எறிபொறி ஒன்று சிறிய தட்டை வானில் வீசும். ஆட்டக்காரர் பறக்கும் தட்டைச் சுட்டு உடைக்க வேண்டும். துப்பாக்கியிலிருந்து புறப்படுவது ஒற்றைக் குண்டு அன்று. ஏறத்தாழ 300 சிறு ஈய ரவைகள். அவற்றின் மொத்த எடை 24 கிராம். முற்காலத்தில் இங்கிலாந்தில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டனர். பின்னர்க் கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண் தட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ‘களிமண் புறா’ என்ற பெயர் அதனால் வந்தது.

தட்டுக்குக் குளிர்ந்தால்...

இன்றைய தட்டில் பெரும்பாலும் களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளைக் கீலுடன் சேர்த்து வார்க்கிறார்கள். போட்டித் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம்.

கீல் ஒரு விந்தையான பொருள். சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோல் நொறுங்கும். நெடுங்காலம் விட்டுவைத்தால் திரவம்போல் ஒழுகும். ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் பார்னெல் 1927ஆம் ஆண்டில் கீலை ஒரு புனலில் ஊற்றி வைத்தார். 1930இல் புனலின் அடி திறக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகளே!

நம் ஊர்ச் சாலையில் சித்திரை வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டுவதைக் கண்டிருப்பீர்கள். குளிரில் நேர்வது இதற்கு மாறானது. கீல் இன்னும் விறைத்து, எளிதில் நொறுங்கும். எறிபொறியின் கை விசையோடு தள்ளும்போதே சில தட்டுகள் உடைந்து போகும். தட்டுகளின் அடுக்கில் ஈரம் புகுந்து உறைந்தாலோ அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இவை தொல்லைகள், ஆபத்துகள் அல்ல.

ரவைக்குக் குளிர்ந்தால்...

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரை எடுத்துக்கொள்வோம். அங்குக் கோடைப் பகலில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். ஜனவரியின் சராசரியோ சுழிக்குக் கீழே சுமார் 9 டிகிரி. காற்று குளிர்ந்தால் அதன் அடர்த்தி கூடும் என்பதை நாம் அறிவோம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோகிராம். சுழிக்குக் கீழே 10 டிகிரியில் அது 1.34 கிலோகிராம். ஆகவே ரவை சந்திக்கும் காற்றுத் தடை சுமார் 15 சதவீதம் கூடுகிறது.

ரவை துப்பாக்கியின் வாயைவிட்டு வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொள்வோம். 33 மீட்டர் தொலைவைக் கடக்கக் கோடையில் ஏறத்தாழ 0.12 வினாடி ஆகும், குளிரில் 0.13 வினாடி. வேறுபாடு நூறில் ஒரு பங்கு வினாடிதான்! குறுக்கே வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் தட்டு அதற்குள் 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், முன்னே போய்விடும். அந்தத் தொலைவில் ரவைக் கூட்டம் இரண்டு சாணுக்கும் மேல் பரந்திருப்பதால் இப்பிழையில் பெரும்பகுதி மறைந்துவிடும். பழகிய கண் எஞ்சியதையும் சரிசெய்துகொள்ளும்.

குழல் சுருங்காதா என்று கேட்கலாம். 75 சென்டிமீட்டர் எஃகுக் குழல் 40 டிகிரி குளிர்ந்தால் அரை மில்லிமீட்டர் கூடச் சுருங்காது. ஆகவே ரவையும் குழலும் ஆட்டத்தை நிறுத்தும்படி நம்மைக் கேட்கவில்லை. அப்படியானால் கேட்பது எது?

விரலும் பனியும்

முதலாவது, மனிதனின் விரல். கைத்தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் நுண்ணிய செயல்திறன் குன்றத் தொடங்குகிறது. 8 டிகிரியை நெருங்கும்போது தொடு உணர்வே மங்கிவிடுகிறது. துப்பாக்கி விசையின் மேல் இருக்கும் விரல், தான் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அறியாவிட்டால் என்ன ஆகும்? ஆட்டக்காரர் எண்ணுவதற்கு முன்பே துப்பாக்கி வெடிக்கக்கூடும். தடித்த கையுறை விரலைக் காக்கும். ஆனால் அதுவும் உணர்வை மறைக்கும். தடித்த மேலங்கி அணிந்தால் துப்பாக்கிக் கட்டை தோளில் வழக்கமான இடத்தில் பொருந்தாது. தூக்கும்போது அக்குளில் சிக்கும்.

இரண்டாவது, பனி. கீழே சாய்த்த குழலின் வாயில் சிறிது பனி புகுந்து அடைத்துக்கொள்ளலாம். பஞ்சு போன்ற பனி எஃகை என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் வரும் ரவைத் திரளுக்கு அது பஞ்சு அன்று. நிலைமத்தின் காரணமாக அப்பனி கண நேரத்தில் விலகிவிடாது. ரவைத் திரள் தடைபட்ட இடத்தில் அழுத்தம் திடீரென உயரும். குழலின் சுவரோ வாய்ப்பக்கம்தான் மெல்லியது. ஆகவே அங்குக் குழல் உப்பும், அல்லது வெடிக்கும். ஒரு கைப்பிடிப் பனிக்காகக் கையை இழக்க நேரலாம்.

இவற்றோடு வெளிச்சக் குறைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னியாபொலிஸ் வட அகலாங்கு 45 டிகிரியில் உள்ளது. டிசம்பர் 21 அன்று நண்பகலிலும் அங்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 22 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் அன்று அது 53 டிகிரிக்கும் மேல். தாழ்ந்த சூரியனும் வெண்பனியின் ஒளித்தெறிப்பும் சேர்ந்து கண்ணைக் கூசச் செய்யும்.

ஓய்வின் முதல் மணி நேரம்

துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் தொல்லை தீர்ந்ததா? இல்லை, இங்குதான் இன்னொரு தொல்லை தொடங்குகிறது. குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். 20 டிகிரியில் உள்ள ஓர் அறையின் காற்றில், ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7 கிராம் நீராவி இருக்கும். சுழிக்குக் கீழே 10 டிகிரியில் அதே அளவு காற்று தாங்கக்கூடியது சுமார் 2 கிராமே. எஞ்சிய நீராவி எங்கே போகும்? குளிர்ந்த எஃகின் மேல் நீராகப் படியும். குழலின் உட்புறத்தையும் விசைப்பொறியின் இடுக்குகளையும் அது விடாது. அப்படியே பெட்டியில் பூட்டிவைத்தால் வசந்தத்தில் துருதான் வரவேற்கும்.

தடுக்கும் வழி எளிது. வெளியிலேயே தோட்டாக்களை அகற்றிவிட்டு, துப்பாக்கியை உறையில் மூடியபடி உள்ளே கொண்டுவர வேண்டும். சில மணி நேரம் உறையைத் திறக்கக் கூடாது. அறையின் ஈரக்காற்று உள்ளே எளிதில் நுழையாது. நீரில் பெரும்பகுதி உறையின் மேலேயே படியும். எஃகு அறையின் வெப்பநிலையை அடைந்த பிறகு திறந்து, துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, உலர்ந்த இடத்தில் பூட்டி வைக்கலாம். ஈரம் உறிஞ்சும் உறையிலேயே நெடுநாள் வைத்திருப்பது தவறு.

ஓய்வினால் ஆட்டக்காரருக்கும் நன்மை உண்டு. 24 கிராம் ரவை முன்னே பாய்ந்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மூன்றரைக் கிலோகிராம் துப்பாக்கி வினாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கும். நாளொன்றுக்கு நூறு முறை உதை வாங்கும் உடல், சுடுவதற்கு முன்பே கண்ணை மூடித் துணுக்குறப் பழகிவிடுவது உண்டு. சில மாத ஓய்வு அப்பழக்கத்தைத் தளர்த்த உதவும். தூக்கிப் பிடிக்கும் பயிற்சியை வீட்டிலும் செய்யலாம். துப்பாக்கி வெறுமையாக இருப்பதைக் கண்ணால் ஒரு முறையும் விரலால் ஒரு முறையும் உறுதி செய்த பின்னரே!

ஆகவே என் மாணவருக்கு விடை இதுதான்: தம்பி, குண்டுக்கும் கொஞ்சம் குளிரும், அது ஒரு சாண் பிழை. விரலுக்குக் குளிர்ந்தால் அந்தப் பிழையைச் சாணால் அளக்க முடியாது.