'போடு' எல்லாம் 'புட்' ஆகுமா?

மதிய இடைவேளை முடிந்து வகுப்பிற்குள் நுழைந்தேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், தே ஆர் புட்டிங் ஃபைட்" என்றாள். கடைசி வரிசையில் இருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அந்தப் பருவம் முழுவதும் அவள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. சண்டை போட்டவர்களைவிடப் பெரிய தவறு என்னுடையது.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தமிழில் நாம் எதைத்தான் போடுவதில்லை? சண்டை, கணக்கு, கோலம், கையெழுத்து, டீ, ஊசி, லைட் என எல்லாவற்றிற்கும் ஒரே வினைதான். ஆங்கிலத்தில் கணக்கிற்கு 'டூ', கோலத்திற்கு 'டிரா', டீக்கு 'மேக்', ஊசிக்கு 'கிவ்', லைட்டுக்கு 'ஸ்விட்ச் ஆன்' என்று வினை மாறும். சண்டைக்கும் கையெழுத்திற்கும் துணைவினையே வேண்டாம்; 'ஃபைட்', 'சைன்' இரண்டும் தாமே வினைகள். "நீங்கள் போடுவதையெல்லாம் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். பலகையில் இடம் போதாது.

'புட்' என்பதன் அடிப்படைப் பொருள் ஒன்றை ஓரிடத்தில் வைப்பது. அந்த இடத்தையும் சொன்னால்தான் வாக்கியம் நிறைவு பெறும். தமிழில் "பேனாவை வை" என்றால் போதும். ஆங்கிலத்தில் "புட் தி பென்" என்று நிறுத்த முடியாது. "ஆன் தி டேபிள்", "இன் தி பாக்ஸ்", குறைந்தது "ஹியர்" என்றாவது வர வேண்டும். டஸ்டரும் சாக்பீஸும் இருந்தால் 'இன்', 'ஆன்', 'அண்டர்' மூன்றையும் ஒரே பாடவேளையில் செய்து காட்டிவிடலாம்.

'கட்', 'ஹிட்', 'ஷட்' போல இதுவும் இறந்தகாலத்தில் மாறாது. "புட்டட்" என்று எழுதும் மாணவர் விதியை அறியாதவர் அல்லர்; அறிந்த விதியை இங்கும் நீட்டுகிறார். 'கட்' என்பதில் உள்ள அதே உயிரெழுத்து இங்கு ஏன் 'உ' என ஒலிக்கிறது என்றும் கேட்பார்கள். 'புல்', 'புஷ்', 'ஃபுல்' ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் 'கட்' என்பதையும் அதே 'உ' ஒலியோடு சொல்பவர்கள் இன்றும் பலர்!

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது 'புட் ஆன்', 'வேர்' இரண்டிலும்தான். இதற்குத் தமிழே கைகொடுக்கிறது. "சட்டையைப் போட்டுக்கொள்கிறான்" என்பது செயல். அது 'புட் ஆன்'. "சட்டை போட்டிருக்கிறான்" என்பது நிலை, அது 'வேர்'. இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலப் பெயரை மட்டும் சொன்னால் போதும். 'புட் ஆஃப்' இன்னும் எளிது. அது நம் 'தள்ளிப்போடு'தான். "தி மேட்ச் வாஸ் புட் ஆஃப்" என்பதை விளக்கை அணைப்பதோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள். 'புட் அவுட்' தீயை அணைப்பது, 'புட் அப் வித்' பொறுத்துக்கொள்வது. இவற்றை மேல் வகுப்புகளுக்கு விட்டுவிடலாம்.

மறு ஆண்டு, ஏழாம் வகுப்பில், அதே மாணவி எழுந்தாள். "சார், ஹி புட் மை பாக்ஸ்" என்று நிறுத்தினாள். நான் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"இன் ஹிஸ் பேக்" என்றாள்.

பெட்டியை வாங்கிக் கொடுத்தேன்.