பம்புக்கும் வியர்க்குமா?

கோடை முற்றினால் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கமுள்ள வைண்டிங் கடைகளில் வேலை குவியும். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிப்போய், காயில் கருகிய சப்மெர்சிபிள் மோட்டார்கள் வந்து சேரும். நிலத்துக்கடியில் குளிர்ச்சியாகக் கிடந்த மோட்டார் ஏன் எரிகிறது? அது இறைத்த தண்ணீர்தான் அதைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது. போர்வெல்லுக்குள் மோட்டார் அடியில் இருக்கும், பம்ப் மேலே இருக்கும், தண்ணீர் நுழையும் வாய் இரண்டுக்கும் நடுவில். கீழிருந்து ஏறும் தண்ணீர் மோட்டாரின் உடம்பை உரசி, சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அகலமான கிணற்றில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்தும் வந்துவிடும் என்பதால், மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய் உறையே மாட்டுவதுண்டு.

வாட்டர் கூலிங் வைத்த கம்ப்யூட்டரில் உள்ளங்கைக்குள் அடங்கும் பம்பும் இதே சூத்திரத்தில்தான் ஓடுகிறது. அதற்குத் தனியாக ஃபேன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, அதைத் திறந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பெயர்பெற்ற டி5 பம்பில் சுழலும் பகுதி தண்ணீருக்குள்ளேயே ஒரு சின்ன பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுழற்றும் காயில், மெல்லிய தடுப்புக்கு மறுபுறம், ஈரம் படாமல் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது காந்த விசை மட்டுமே. ஷாஃப்ட் வெளியே வருவதில்லை, ஆகவே கசிய இடமில்லை. குண்டுக்கு மசகு எண்ணெயும் கிடையாது. அந்த வேலையையும் தண்ணீரே பார்க்கிறது. காயிலின் சூடு தடுப்பைத் தாண்டித் தண்ணீரில் இறங்கிவிடும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத வடிவமைப்பு இது.

அந்தச் சூடு எவ்வளவு? பம்ப் 20 வாட் இழுக்கிறது, நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழுத்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகித் தண்ணீரில் கலந்தாலும், ஒரு சுற்றில் தண்ணீர் சூடேறுவது 0.07 டிகிரிதான். அதே கணக்கில் 200 வாட் ப்ராசசர் ஏற்றுவது 0.7 டிகிரி. ஒரே கனஅளவு காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் சுமக்கும். அவ்வளவு சுமக்கும் தண்ணீரில் பம்பின் சூடு தெரியவே தெரியாது.

ஆகவே பம்புக்குத் தனி ஃபேன் தேவையில்லை. இதற்கு விதிவிலக்கு டிடிசி வகைப் பம்ப். உருவம் சிறியது, ஆனால் அதன் கண்ட்ரோல் சர்க்யூட் அடிப்பக்கத்தில், தண்ணீர் தொடாத இடத்தில் இருக்கிறது. 18 வாட் மாடலை நுரைப் பஞ்சின் மேல் அழுத்தி வைத்தால் அந்த அடிப்பாகம் கொதிக்கும். கீழே விரலளவு இடைவெளியும் கொஞ்சம் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். அலுமினிய ஹீட்சிங்க் ஒட்டினால் இன்னும் நல்லது.

மற்றபடி பம்பின் உண்மையான எதிரி சூடான தண்ணீர். பெரும்பாலான பம்புகளுக்கு 60 டிகிரியைத் தயாரிப்பாளர்கள் எல்லையாக வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் சில பிளாஸ்டிக் குழாய்களே இளகத் தொடங்கிவிடும். 20 டிகிரி அறையில் இந்த எல்லை எட்டாத தூரம். நம் ஊரில் அப்படியில்லை. 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. சாதாரணக் கத்திரி வெயிலிலேயே மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை மதியம் 36 டிகிரிக்குப் போகும். தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் அதை அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. வேலைப் பளுவில் 12 டிகிரி மேலே நிற்கும் என்றால் 48. கிராபிக்ஸ் கார்டு துப்பும் 45 டிகிரிக் காற்றையே அந்த ரேடியேட்டர் உள்ளிழுத்தால் 57. பம்பின் மேல் ஃபேன் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. ரேடியேட்டருக்கு வெளிக்காற்று கிடைக்கும்படி மாற்றிப் பொருத்த வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நம் புறநகரில் பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிற போர்வெல் தண்ணீரை இதில் ஊற்றவே கூடாது. உப்பு படிந்தால் ப்ராசசர் மேலுள்ள பிளாக்கின் நுண்ணிய வரிகள் அடைபடும், ஓட்டம் குறையும், பம்பும் சேர்ந்து சூடாகும். டிஸ்டில்டு வாட்டரோடு துருவும் பாசியும் தடுக்கும் மருந்து, அல்லது ரெடிமேட் கூலண்ட், இரண்டில் ஒன்று போதும்.

பிறகு அறை. 400 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அத்தனையையும் அறைக்குள்தான் கொட்டுகிறது. தண்ணீர் சூட்டை இடம் மாற்றுகிறது, அழிப்பதில்லை. ஏசி இல்லாத அறையென்றால் ரேடியேட்டர் காற்று வெளியேறும் பக்கத்தை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி, கதவைத் திறந்து வையுங்கள்.