ஆப்பிள் கடையில் ஒளிந்த மனு

லண்டனில் 1865-ம் ஆண்டு ஒரு பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. கல்யாணமாகிவிட்டால் அவள் சம்பாதிக்கும் காசுகூடச் சட்டப்படி கணவனுடையது. பேச மட்டும் தடையில்லை. அதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று சார்லட் மேனிங் அம்மையார் வீட்டில் கூடியவர்கள் அமைத்ததுதான் கென்சிங்டன் சங்கம்.

அரட்டைக்கு அங்கே இடமில்லை. கேள்வியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். பதிலைக் கட்டுரையாக எழுதிவர வேண்டும். வெளியூர்க்காரர்கள் தபாலில் அனுப்பலாம். பெற்றோரின் அதிகாரம் எதுவரை செல்லும் என்றெல்லாம் விவாதித்தார்கள். மருத்துவர் எலிசபெத் காரெட், பள்ளித் தலைவிகள் டொரோத்தியா பீல், ஃபிரான்சிஸ் பஸ் என உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்.

அந்த நவம்பரில் ஓட்டுரிமை விவாதத்துக்கு வந்தது. பார்பரா போடிஷான் ஆதரித்து எழுதினார். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம். செயலாளர் எமிலி டேவிஸுக்குத்தான் தயக்கம். ஓட்டு, ஓட்டு என்று கிளம்பினால் பெண் கல்விக்குக் கிடைத்துவரும் ஆதரவும் போய்விடுமோ என்ற கவலை. கோழைத்தனம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அன்றைய நிலவரம் அப்படி.

1866-ல் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா வந்தது. நூறு பெண்களின் கையெழுத்து இருந்தால் ஓட்டுரிமை கேட்கும் மனுவை நாடாளுமன்றத்தில் வைக்கிறேன் என்றார் தத்துவ அறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில். சில வாரங்களில் சேர்ந்தவை 1,499 கையெழுத்துகள்! தபாலில் கட்டுரை அனுப்பிப் பழகிய தொடர்புகள் இதற்குக் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஜூன் 7 அன்று டேவிஸும் காரெட்டும் மனுச் சுருளோடு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் போனார்கள். எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம். அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் சொல்லி, அவள் கடைக்கு அடியில் சுருளை ஒளித்துவைத்தார்கள். மில் வந்த பிறகுதான் அது வெளியே வந்தது.

மறு வருடம் மில் கொண்டுவந்த திருத்தம் 73-க்கு 196 என்ற கணக்கில் தோற்றது. 1868-ல் சங்கமும் கலைந்தது. ஆனால் அடுத்த ஆண்டே டேவிஸும் போடிஷானும் பெண்களுக்கான கல்லூரியைத் திறந்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரி அதுதான். கூச்சப்பட்டவர்கள் செய்த வேலை இது.

30 வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓட்டு கிடைத்தது 1918-ல். அந்த டிசம்பர் தேர்தலில் டேவிஸ் வாக்களித்தார். அப்போது அவருக்கு வயது 88.