11 வரி மறைந்தது. ஆயிரக்கணக்கான வேலைகள் நின்றன!

போடி மலைப்பாதை சொல்லும் கம்ப்யூட்டர் பாடம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஒவ்வொரு குவியலுக்கும் "லாட்" என்று பெயர். ஒரு லாட் முடிந்ததும் அடுத்த லாட் வருகிறது.

அந்த ஏலக்காய் அங்கே வந்து சேருவதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்!

மலைச்சரிவில் செடிக்கு நிழல் தர மரம் வேண்டும். பூ காயாக மாறத் தேனீ வேண்டும். காய் பறிக்க ஆள் வேண்டும். பறித்த பச்சைக் காயை உலர்த்த ஸ்டோர் வேண்டும். உலர்ந்த காயைச் சல்லடையில் போட்டுச் சலித்து, ரகம் பிரிக்க வேண்டும். மூட்டையைப் போடிமெட்டு வளைவுகளில் கீழே இறக்க வண்டி வேண்டும்.

இதில் ஒன்று நின்றால் அடுத்ததும் நின்றுவிடும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு பெரிய பாறை உருண்டு விழுந்தால் போதும். சரக்கு மேலே, பணம் கீழே. இரண்டும் சேராது.

ஒன்றை ஒன்று நம்பி நிற்பதைச் "சார்பு" என்கிறார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இந்தச் சார்புதான். புரோகிராம் வளர வளர, தலைவலியும் வளரும்.

அதை எப்படிச் சமாளிப்பது? போடி மலையின் பழைய கதையே அதற்குப் பாடம்.

மலையில் ஓடிய ரெயில்

வெள்ளைக்காரர் காலத்தில் மூணாறில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. தேயிலைப் பெட்டிகளை வெளியூருக்கு அனுப்ப நல்ல பாதை இல்லை.

1902-ம் ஆண்டில் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் என்ற மலை உச்சி வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும். பெரிய சக்கரம் தரையில் ஓடும். இழுப்பது மாடு!

டாப் ஸ்டேஷனில் இருந்து பெட்டிகள் கம்பிக்கயிற்றில் தொங்கியபடி இறங்கின. சுமார் 5 கிலோ மீட்டர் தூரம், ஒரே இறக்கம்! கீழே கொட்டகுடி. அங்கிருந்து 15 கிலோ மீட்டர் தூரத்தில் போடிநாயக்கனூர். அதுவரை வண்டிப் பயணம். போடியைத் தாண்டி வெளியூர்களுக்கும், கப்பல் ஏறி இங்கிலாந்துக்கும் தேயிலை போனது.

1908-ம் ஆண்டில் மாட்டு வண்டித் தண்டவாளம் எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் 2 அடி அகலத்தில் சின்ன ரெயில் பாதை வந்தது.

இங்கேதான் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. கம்பிக்கயிற்றுக்கு வேண்டியது தேயிலைப் பெட்டி. அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தது மாடா, ரெயிலா என்று அது கேட்பதில்லை. டாப் ஸ்டேஷனில் பெட்டி வந்தால் சரி.

1924-ம் ஆண்டில் பெருவெள்ளம் வந்தது. ரெயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அது போடப்படவே இல்லை. மலை உச்சிக்குப் பெட்டியைக் கொண்டு வர வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அப்போதும் டாப் ஸ்டேஷனில் வேண்டியது அதே பெட்டிதான்.

ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் தொட்டால்...

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

ஓர் ஏலக்காய் மண்டிக்கு ஒரு வாலிபர் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போடுவது ஒரு பகுதி. விலை பார்ப்பது ஒரு பகுதி. பில் போடுவது ஒரு பகுதி. பகுதிக்கு "மாடியூல்" என்று பெயர். மூன்றே பகுதி. எல்லாம் அவர் மனதில் இருக்கிறது.

மண்டி வளர்கிறது. வரிக் கணக்கு சேர்கிறது. பாங்கியில் பணம் கட்டும் பகுதி சேர்கிறது. விவசாயியின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் பகுதி சேர்கிறது. மூன்று பகுதி முப்பது ஆகிறது. எழுதுகிறவர்கள் பத்துப் பேர் ஆகிறார்கள். யாருக்கும் முழுவதும் தெரியாது!

ஒருநாள் எடைப் பகுதியை ஒருவர் திருத்துகிறார். கிலோவில் சொன்ன எடையை, துல்லியமாக இருக்கட்டும் என்று கிராமில் சொல்ல வைக்கிறார். பில் பகுதிக்கு அது தெரியாது. 50 கிலோ மூட்டை 50 ஆயிரம் கிலோ ஆகிவிடும்! ஒரு வருடம் பாடுபட்ட விவசாயியின் கணக்கு தாறுமாறாகிவிடும்.

இப்படியும் நடக்குமா என்று கேட்கலாம். வானத்திலேயே நடந்திருக்கிறது!

அமெரிக்காவின் நாசா, செவ்வாய் கிரகத்துக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. 1999-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி, செவ்வாயை நெருங்கிய நேரத்தில் அது தொலைந்து போனது. காரணம் என்ன? பூமியில் இருந்த ஒரு புரோகிராம், விசையை ராத்தல் கணக்கில் சொன்னது. அதை வாங்கிக்கொண்ட புரோகிராமோ மெட்ரிக் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பகுதிக்கும் இடையே சரியான பேச்சு இல்லை. விண்கலம் போயிற்று!

வாசல் ஒன்றே ஒன்று

இதற்கு வழி சொன்னவர்களில் ஒருவர் டேவிட் பார்னாஸ் என்ற அறிஞர். 1972-ம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

"எது பிற்காலத்தில் மாறக்கூடும் என்று பாருங்கள். அதை ஒரு பகுதிக்குள்ளேயே மறைத்து வையுங்கள். மற்றப் பகுதிகளுக்கு அது தெரியவேண்டாம்." இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

டாப் ஸ்டேஷன் கதையும் இதுவே. உள்ளே மாடு இழுக்கட்டும், ரெயில் இழுக்கட்டும். ஒப்படைக்கும் இடம் ஒன்றுதான். ஒப்படைக்கும் பொருளும் ஒன்றுதான்.

புரோகிராமிலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே வாசல் வைக்க வேண்டும். "எடை வேண்டுமா? இந்த வாசலில் கேள். கிலோவில் சொல்வேன்" என்று எழுதி வைத்துவிட வேண்டும். பின்பக்கச் சுவரில் ஓட்டை போட்டு யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

வாசலை மாற்றினால்?

சில சமயம் வாசலையே மாற்றவேண்டி வரும். அப்போது என்ன ஆகும் என்பது போடி மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

மதுரைக்கும் போடிக்கும் 1928-ம் ஆண்டில் ரெயில் வந்தது. மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1 மீட்டர் அகலம். பிற்காலத்தில் மதுரையைத் தொடும் மற்றப் பாதைகள் எல்லாம் அகலப் பாதைகள் ஆயின. அவற்றின் அகலம் 1,676 மில்லி மீட்டர். அந்த ரெயில் போடிப் பாதையில் ஓடாது. போடி ரெயில் அந்தப் பாதையில் ஓடாது.

2010-ம் ஆண்டு முடிவோடு போடி ரெயில் நிறுத்தப்பட்டது. அகலப் பாதை வேலை நடந்தது. தேனிக்கு 2022-ம் ஆண்டு மே மாதம் ரெயில் வந்தது. போடிக்கு வந்தது 2023-ம் ஆண்டு ஜூன் மாதம்! 12 வருடத்துக்கு மேல் ஊர் மக்கள் பஸ்சையும் லாரியையும் நம்பியிருந்தார்கள்.

தண்டவாளத்தில் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் புரோகிராமில் ஒரு வசதி உண்டு. பழைய வாசலை மூடாமலே பக்கத்தில் புது வாசல் திறக்கலாம். எல்லோரும் புது வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, பழையதை மூடலாம். நல்ல புரோகிராமர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

பெட்டிச் சாவி பீரோவில்!

இன்னோர் ஆபத்தும் உண்டு. அதுதான் வளையம்.

பெட்டிச் சாவி பீரோவுக்குள் இருக்கிறது. பீரோச் சாவி பெட்டிக்குள் இருக்கிறது. இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. எதைத் திறப்பது?

புரோகிராமில் இது அடிக்கடி நேரும். பில் பகுதி வரிப் பகுதியை நம்பும். வரிப் பகுதி பில் பகுதியை நம்பும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கவும் முடியாது.

வீட்டில் என்ன செய்வோம்? இரண்டு சாவியையும் சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவோம். இங்கேயும் அதே யோசனைதான். இரண்டு பகுதிக்கும் பொதுவானதை எடுத்து மூன்றாவது பகுதியாக வைத்துவிட்டால், வளையம் அறுந்துவிடும். சார்பு எப்போதும் ஒரே பக்கமாக ஓட வேண்டும், மலையில் இருந்து இறங்கும் தண்ணீர் போல.

11 வரி செய்த கலாட்டா

இப்போதெல்லாம் எல்லாவற்றையும் யாரும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி இலவசமாக வைத்திருக்கும் பகுதிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட பகுதிகளை வைத்திருக்கும் பண்டகசாலைகளில் பெரியது "என்.பி.எம்."

அதில் அசெர் கோச்சுலு என்பவர் எழுதிய ஒரு சின்னப் பகுதி இருந்தது. மொத்தம் 11 வரி. ஓர் எழுத்துத் தொடரின் இடது பக்கத்தில் வேண்டிய அளவு இடம் விட்டு நிரப்புவதுதான் அதன் வேலை. அவ்வளவுதான்!

அவருடைய வேறொரு பகுதியின் பெயரைப் பற்றித் தகராறு வந்தது. அவர் மனம் நொந்தார். 2016-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி தம்முடைய பகுதிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த 11 வரியும் போயிற்று.

உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான புரோகிராம் வேலைகள் நின்றன! பெரிய பெரிய கருவிகள் வேலை செய்ய மறுத்தன. பலருக்கு, தாங்கள் அந்த 11 வரியை நம்பியிருந்ததே அன்றுதான் தெரிந்தது. அவர்கள் நம்பியது ஒரு பகுதியை. அந்தப் பகுதி வேறொன்றை நம்பியது. அது இந்த 11 வரியை நம்பியது!

சுமார் 2 மணி நேரம் கழித்து அந்த வரிகள் மீட்டு வைக்கப்பட்டன. பிறர் நம்பியிருக்கும் பகுதியை நினைத்தபடி நீக்க முடியாது என்று பிறகு விதியும் வந்தது.

கணக்குப் புத்தகம் வேண்டும்

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இன்னொரு பூகம்பம் வந்தது. "லாக் போர் ஜே" என்ற பகுதியில் ஓட்டை இருப்பது தெரிந்தது. நடந்ததை எல்லாம் டைரி போல எழுதி வைக்கும் சாதாரணப் பகுதிதான் அது. அந்த ஓட்டை வழியாகத் திருடன் வெளியில் இருந்தே கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடலாம். ஆபத்துக்குப் போடும் மதிப்பெண்ணில் 10-க்கு 10 வாங்கியது அது!

திருத்திய பகுதி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் "நம்மிடம் அது எங்கே இருக்கிறது?" என்று தேடுவதே பல கம்பெனிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆகவேதான் கணக்குப் புத்தகம் வேண்டும் என்கிறார்கள். எந்தப் பகுதி எந்தப் பகுதியை நம்புகிறது, அதன் பதிப்பு எண் என்ன என்று எழுதி வைக்க வேண்டும்.

பதிப்பு எண்ணை மூன்று எண்ணாகப் போடுவது பலருடைய வழக்கம். மூன்றாவது எண் மாறினால், பிழை திருத்தம். நடு எண் மாறினால், புது வசதி. முதல் எண் மாறினால், வாசலே மாறிவிட்டது, உஷார்! சோதித்துப் பார்த்த பதிப்பைக் கணக்கில் எழுதிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். புதுப் பதிப்பு வந்தால், சோதித்த பிறகே சேர்ப்பார்கள்.

போடியிலும் படிக்கிறார்கள்

போடிநாயக்கனூரில் அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது. ஏலக்காய் காய்க்கும் மலையின் அடிவாரத்திலேயே பிள்ளைகள் என்ஜினீயரிங் படிக்கிறார்கள். நாளைக்கு இவர்களில் சிலர், விவசாயியின் எடையையும் விலையையும் பணத்தையும் கணக்குப் போடும் புரோகிராம்களை எழுதக்கூடும்.

புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்கும்போது அவர்கள் நாலு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

இது எதை நம்பி நிற்கிறது? இதை நம்பி நிற்பது எது? ஒப்படைக்கும் வாசல் எது? இது நாளைக்கு நின்றுபோனால் மாற்று வழி என்ன?

பதிலைக் கணக்கில் எழுதிவிட்டுச் சேர்த்தால், விவசாயியின் பில்லில் 50 கிலோ எப்போதும் 50 கிலோவாகவே இருக்கும்.