கதவைச் சாத்திவிட்டுப் பதில் சொல்லலாம்

கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோள்பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. வாசலில் நிற்கும் இளம்பெண்கள், "தேசிய குடும்ப நல ஆய்வுக்காக வந்திருக்கோம். வீட்டுல 15 வயசுல இருந்து 49 வயசுக்குள்ள பெண்கள் யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டால், பதிலுக்கு முன் சந்தேகம்தான் எழும். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன்? ரேஷன் கார்டு சம்பந்தமா? மகளிர் உரிமைத் தொகையை நிறுத்தவா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு.

மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்துக்காக மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வு இது. முதல் சுற்று 1992-93-ல் நடந்தது. 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் நாடு முழுக்க 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் பேசினார்கள். தமிழ்நாட்டில் 27,929 வீடுகள். ஆறாவது சுற்றுக்கான களப்பணி 2023-24-ல் நடந்தது.

உங்கள் வீட்டை யாரும் பேர் சொல்லித் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் ஒரு கிராமமோ நகரத்தில் ஒரு கணக்கெடுப்புப் பகுதியோ குலுக்கலில் வரும். அங்குள்ள வீடுகளையெல்லாம் ஒரு குழு வந்து பட்டியல் போடும். அதிலிருந்து 22 வீடுகளைக் கணக்கு முறைப்படி எடுப்பார்கள். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவ அனுமதி இல்லை. திரும்பத் திரும்ப வர வேண்டும். அதனால்தான் "நேத்தும் வந்தீங்களே" என்று அலுத்துக்கொள்ளும்படி ஆகிறது. ஐந்தாவது சுற்றின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம் என்று சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் மேற்கோள் காட்டப்படும் எண்கள் இப்படிப்பட்ட வீடுகளின் வாசலிலிருந்து வந்தவை. மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதும், ஆண்கள் செய்துகொண்டது வெறும் 0.1 சதவீதம் என்பதும் அப்படித்தான் தெரியவந்தன. அந்த 0.1-ஐப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இதில் கலந்துகொண்டே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு. 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் அதில் பதில் சொல்ல மறுத்தால் அபராதம் விதிக்கலாம். குடும்ப நல ஆய்வில் அந்தக் கட்டாயம் கிடையாது. தொடங்கும் முன் ஆய்வாளர் ஒப்புதல் வாசகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். பிடிக்காத கேள்வியைத் தாண்டிவிடலாம், பாதியில் நிறுத்திவிடலாம் என்பதெல்லாம் அந்த வாசகத்திலேயே உண்டு. பல இடங்களில் அதைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டுக் கேள்விக்குப் போய்விடுவார்கள். "கொஞ்சம் மெதுவாப் படிங்கம்மா" என்று கேளுங்கள். மறுத்ததற்காக எந்தச் சலுகையும் போகாது, பதில் சொன்னதற்காக எதுவும் கிடைக்காது. டிவி, ஃபிரிட்ஜ், வண்டி இருக்கிறதா என்று கேட்பது வசதி வாரியாகக் குடும்பங்களைப் பிரித்துப் பார்க்க மட்டுமே. 2023-ல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்குத் தருகிறது. ஆனால் அந்த விலக்கு, திரட்டிய தகவலை வைத்துக் குறிப்பிட்ட நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சேர்ந்தது.

யார் சம்மதம் சொல்வது என்பதில்தான் வீடுகளில் சிக்கல் வருகிறது. குடும்பத்தில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, சமையல் எதில் என்பதைப் பெரியவர்கள் யாராவது சொல்லலாம். (சமையல் உப்பிலும் ஒரு சிட்டிகை கேட்பார்கள், அயோடின் இருக்கிறதா என்று பார்க்க. பயப்பட ஒன்றுமில்லை.) அதற்குப் பிறகு வரும் பெண்களுக்கான நேர்காணலுக்குச் சம்மதிக்கவோ மறுக்கவோ அந்தப் பெண் ஒருத்தியால்தான் முடியும். கணவர் சரி என்றார் என்பதற்காக அவள் பேச வேண்டியதில்லை. மாமனார் வேண்டாம் என்றாலும் அவள் விரும்பினால் பேசலாம். மணமாகாத 15 முதல் 17 வயதுப் பெண்ணென்றால் பெற்றோர் சம்மதத்தோடு அவளுடைய சம்மதமும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் போதாது.

"அவளுக்கு என்ன தெரியும், நானே சொல்லிடறேன்" என்று மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வது நம் வீடுகளில் சகஜம். அதில் பெரும்பாலும் கெட்ட எண்ணமும் இருக்காது. ஆனால் கேட்கப்போவது என்னென்ன? எத்தனை முறை கருத்தரித்தாய், எது கலைந்தது, எதைக் கலைத்தாய், இப்போது என்ன கருத்தடை முறை, இன்னொரு குழந்தை வேண்டுமா. சில வீடுகளில் பாலுறவு பற்றியும், கணவன் அடித்தது உண்டா என்றும் கேட்பார்கள். மாமியார் முன்னால் இதற்கு வரும் பதில் பொய்யாக இருக்கும். உண்மையாக இருந்துவிட்டால் ஆபத்து. மும்பைக்குப் போகும் டேப்லெட்டைப் பற்றி நாம் படும் கவலையில் பாதியை நம் வீட்டு நடைக்கும் திண்ணைக்கும் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம். டேப்லெட்டுக்குப் போனது ஏழு லட்சம் பதில்களில் ஒன்றாகக் கரைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தது தெருவில் பத்து வருஷம் நிற்கும். வழிகாட்டக் கூட வரும் அங்கன்வாடி ஊழியருக்கும் உள்ளூர்க்காரருக்கும் இது பொருந்தும். வீட்டை அடையாளம் காட்டியதும் அவர்கள் வேலை முடிந்தது.

குடும்ப வன்முறைக் கேள்விகளுக்கு ஆய்வின் விதி இன்னும் கறாரானது. ஒரு வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். அவள் தனியாக இருக்க வேண்டும். தனிமை அமையாவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொன்னார்கள். தேசிய அளவைவிட இது அதிகம். நம் ஊரில் அடி அதிகமா, சொல்லும் துணிவு அதிகமா என்பதை இந்த எண் மட்டும் சொல்லிவிடாது. ஆனால் சொன்னவர்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள்.

தனிமைக்கு வழி அந்தக் குழுவிடமே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஐந்தாவது சுற்றில் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பார்த்தார்கள். ஒருவர் அத்தைக்குக் கூடத்தில் பிரஷர் பார்க்கட்டும். இன்னொருவரோடு நீங்கள் மொட்டை மாடிக்கோ உள்ளறைக்கோ போகலாம். "அவங்க முன்னாடி வேண்டாம்" என்று காதோடு சொன்னால் போதும். அனுபவமுள்ள ஆய்வாளருக்குப் புரியும். அதுவும் முடியாவிட்டால் வேறொரு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத இடத்தில் பொய் சொல்லுவதைவிட "இதைத் தாண்டிடுங்க" என்று சொல்வது உங்களுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

கருக்கலைப்பைப் பற்றிக் கேட்டால் போலீஸ் வருமோ என்ற பயம் பலருக்கு. 1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, அதில் சொன்ன காரணங்களுக்காகத் தகுதியுள்ள மருத்துவரிடம் செய்துகொள்வது குற்றமல்ல. 2021-ல் வந்த திருத்தம் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இடம் தந்தது. அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். ஆனால் இந்தப் பிரிவு மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், ஆய்வாளரை அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பதிவுகளை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கக் கூடாது என்று அதன் சட்டமே சொல்கிறது. குடும்ப நல ஆய்வுக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஒப்புதல் வாசகத்தில் தரும் உறுதிமொழி, நெறிமுறைக் குழுவின் மேற்பார்வை, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் ஒன்பது நீதிபதிகள் தந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவைதான் காவல். இத்தனை அந்தரங்கமான கேள்விகளைக் கேட்கும் அரசு, அதற்கொரு சட்டக் கவசத்தையும் தந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் சில நல்ல ஏற்பாடுகள் உண்டு. ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் பதிவுகளில் பெயரும் முகவரியும் இருக்காது. ஊரின் இருப்பிடத்தைக்கூட வேண்டுமென்றே தள்ளி வைக்கிறார்கள்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரை.

போலி ஆட்களைக் கண்டுபிடிக்க ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். "நீங்களே கையாளும் வங்கிக் கணக்கு இருக்கிறதா?" என்பது உண்மையான ஆய்வுக் கேள்வி. "கணக்கு எண் என்ன?" என்பது இல்லை. ஓ.டி.பி., ஏ.டி.எம். அட்டை, கைரேகை, பணம் எதையும் கேட்க மாட்டார்கள். பெண்களிடம் பேசப் பெண்ணே வருவார். வருபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள். அதனால் அரசு அலுவலர் இல்லையே என்று விரட்ட வேண்டாம். அடையாள அட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் வாங்கிப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ விசாரித்துவிட்டு நாளை வரச் சொல்லுங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

உண்மையான ஆய்வாளரே வரம்பு மீறினால்? மிரட்டிக் கேட்டாலோ, நீங்கள் சொன்னதை வெளியே பேசினாலோ, முதலில் அவர் தந்த தொடர்பு அட்டையில் உள்ள எண்ணுக்கும் குழுவின் மேற்பார்வையாளருக்கும் சொல்லுங்கள். மும்பை நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்பலாம். அட்டை தராமல் போனால் அதுவே புகாருக்கு உரியது. உங்கள் மாவட்டத்தில் எந்த நிறுவனம் களப்பணி செய்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். வன்முறை பற்றிப் பேசியது வீட்டில் தெரிந்து ஆபத்து என்றால் 181. இலவச சட்ட உதவிக்கு 15100.

ரத்தம் எடுக்கத் தனிச் சம்மதம் வேண்டும். நேர்காணலுக்குச் சரி, ஊசி வேண்டாம் என்று சொல்ல முடியும். உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை முடிவுகளை அங்கேயே சொல்லிவிடுவார்கள். அட்டையில் சொட்டு விட்டுக் காயவைத்து எடுத்துப் போகும் ரத்தத்தின் முடிவு உங்களுக்கு வராது. அது யாருடையது என்று ஆய்வகத்துக்கும் தெரியாது. எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டே விரலை நீட்டுங்கள். குழுவினர் மருந்து தர மாட்டார்கள். ரத்த அழுத்தம் அதிகம் என்று சொன்னால் அளவைத் தாளில் எழுதி வாங்கி, அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். உறுதியானால் மாத்திரை அங்கேயே இலவசம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வரும்.