சிறு மோட்டாரின் யந்திரமும் அகமும்

பல்லாண்டுச் சேமிப்பைக் கொடுத்துச் சிறு மோட்டார் வாங்குவோர், யந்திரத்தையும் உள்ளமைப்பையும் தனித்தனியே மதிப்பிடுதல் வழக்கம். அது பொருந்தாதென்பது எம் கருத்து.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் செய்யும் கிராண்ட் ஐ10 நியோஸ் 2019இல் வந்தது. பிரெஞ்சு நிறுவனமாகிய சிட்ரோயன் திருவள்ளூரில் செய்யும் சி3 2022இல் வந்தது. டர்போ இல்லாத பெட்ரோல் யந்திரங்கள் இரண்டும் சுமார் 1,200 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், ஏறக்குறைய 82 குதிரைத்திறனும் உடையன. ஆயினும் முன்னதற்குச் சிலிண்டர் நான்கு, பின்னதற்கு மூன்றே. நான்காயின் அரைச்சுற்றுக்கு ஒருமுறை எரிதல் நிகழும். மூன்றாயின் 240 பாகைக்கு ஒருமுறை. அன்றியும், மூன்று சிலிண்டர் யந்திரம் தன் இரு முனைகளும் மாறி மாறி எழுந்து தாழ முயலும் இயல்பினது. உராய்வுக் குறைவும் எரிபொருட் சிக்கனமும் அதன் நன்மைகள். 2024இல் மாருதி ஸ்விஃப்ட் மூன்றிற்கு மாறியதும் இதனாற்போலும்.

அவ்வசைவைத் தணிப்பன யந்திரத்தைத் தாங்கும் ரப்பர் அணைகள். அவற்றையும் கடந்த நடுக்கமே ஸ்டியரிங் சக்கரத்தில் கையை உறுத்தும். கெட்டிப் பிளாஸ்டிக்கின் பொருத்துகளை ஓசையிடச் செய்யும். முன்பலகையை விரலாற் றட்டிப் பார்ப்பார்க்கு இது புலப்படாது. விடுமுறை நாளில், நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தருகே நெரிசலில் வண்டி நிற்க, குளிர்சாதனம் ஓட, யந்திரம் மெல்லச் சுழலும்பொழுதே உண்மைத் தேர்வு நிகழ்கின்றது. ஆதலின், வாங்குமுன் ஓட்டிப் பார்க்குங்கால் அங்ஙனமே ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தல் வேண்டும்; வீட்டு முதியோர் ஒருவர் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பின் இன்னும் நன்று.